இரட்டை முடிச்சுப் போட்ட சீட்டு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ‘ரு’ எழுதினால் வாலை நீளமாக இழுத்து அதன் நுனியில் ஒரு கொக்கி போட்டுவிடுவேன். பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மா அதற்காக என் விரல் முட்டியில் அடித்திருக்கிறார்கள். அப்படியும் மாறவில்லை. ஞாபகமும் இப்போது சரியாக இல்லை. முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலும் வந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவிலில் இருந்த நம் கிறிஸ்தவப் புத்தகக் கடையின் சரித்திரத்தை மலராகப் போடப்போவதாகச் சொல்லி, போன மாதம் சபையிலிருந்து இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தீர்கள். அந்த நாளில் கடையில் வேலை பார்த்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம் என்றீர்கள். எழுதி வைத்திருந்ததை எனக்கு வாசித்தும் காட்டினீர்கள். எல்லாம் நன்றாகவே இருந்தது. அதில் ஒரு இடத்தில், ‘ஒரு சீட்டினால் ஒரு ஆத்துமா’ என்று தலைப்புப் போட்டு, கணவனைக் காணாத ஒரு பெண் கடைக்கு வந்து வாக்குத்தத்தச் சீட்டு எடுத்ததையும், அவளுக்குக் கடவுளே பதில் கொடுத்ததையும், அதனால் அவள் சபைக்கு வந்து ஊழியம் செய்ததையும் எழுதியிருந்தீர்கள். வாசித்துவிட்டு, “நீங்க பார்த்திருப்பீங்களே அம்மா, அந்தச் சமயம் நீங்கதான டின்னப் பிடிச்சிருந்தீங்க?” என்று கேட்டீர்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. நீங்கள் போன பிறகு சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கதை அச்சில் ஏறுவதற்குள் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடை எப்படி வந்தது என்பதையும் எனக்குத் தெரிந்த மட்டில் சொல்லுகிறேன். முதலில் கடை என்று ஒன்று இல்லை. ஒரு பெரிய மரப்பெட்டிதான். கடையை நடத்திய ஐயா அந்தப் பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோய், கருவாட்டுக் கடைக்கும் மண்சட்டிக் கடைக்கும் நடுவில் இறக்கிவைத்துச் சுவிசேஷப் புத்தகங்களை விற்பாராம். கருவாட்டு வாடை அடிக்கிற புத்தகம் என்று ஊரில் கேலி பேசுவார்களாம். அதற்குப் பிறகு ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் ஒரு அறை கிடைத்தது. நிரைப்பலகைக் கதவு. ஒவ்வொரு பலகையிலும் நம்பர் போட்டிருக்கும். நம்பர் மாறி மாட்டினால் கடைசிப் பலகை நுழையாது. ஐயா நாலு மொழி தெரிந்தவர், ஆனாலும் வாரத்தில் மூன்று நாள் பலகையை மாற்றி மாட்டிவிட்டு வேர்த்துப்போய் நிற்பார்.

என் அப்பா தறிக்காரர். அஞ்சாம் வகுப்பு முடிந்ததும் என்னைக் கடையில் கொண்டுவந்து விட்டார். கைப்பிரதி என்கிற சுவிசேஷத் துண்டுத்தாள்களை நாலாக மடிப்பது, கிழிந்த பாட்டுப் புத்தகத்துக்கு முதுகு ஒட்டுவது, அதற்குப் பின்கட்டில் பசை காய்ச்சுவது இதெல்லாம் என் வேலை. ஆட்களிடம் பேச வேண்டியது இல்லை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் வரும்போது மட்டும் ஐயா என்னை முன்னால் கூப்பிடுவார். கோவிலுக்கு வந்தவர்கள் படியேறி, “சாமி பாட்டுப் புஸ்தகம் இருக்காவே?” என்று கேட்பார்கள்.

“இருக்கு அண்ணாச்சி. ஆனா இது வேற சாமி பாட்டு” என்பார் ஐயா.

“எந்தச் சாமியா இருந்தா என்னவே, எழுத்துப் பெருசா இருக்கா? எனக்குக் கண்ணு தெரியாது” என்று வாங்கிப் போனவரும் உண்டு.

இனிச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேதவசனங்களைச் சின்னத் துண்டுகளில் அச்சடித்து, சுருட்டி, ஒரு பெட்டிக்குள் வைத்து விற்பார்கள். வருஷப் பிறப்பு அன்று வீட்டில் எல்லாரும் ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். அந்த வருஷம் முழுவதும் அது அவர்களுக்குக் கிடைத்த வாக்கு. உலகச் சண்டைக் காலத்தில் காகிதத் தட்டுப்பாடு வந்து அச்சடித்த பெட்டிகள் வருவது நின்றுபோனது. ஐயா பழைய காலண்டர் தாள்களை வெட்டி, பின்பக்கம் தன் கையாலேயே வசனங்களை எழுதினார். முத்து முத்தான எழுத்து. நான் அவற்றைச் சுருட்டி, அப்பா தறியில் அறுந்து விழுந்த பாவு நூலால் கட்டுவேன். ஒரு சீட்டுக்கு ஒரு முடிச்சு. பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு, மேலே ஒரு துணியை மூடி மேஜைமேல் வைத்திருப்போம். கடைக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் துணிக்கு அடியில் கைவிட்டு ஒரு சீட்டு எடுக்கலாம்.

ஐயா எனக்கு ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருந்தார். “சுருட்டுதப்போ படிக்காத மக்கா. படிச்சாலும் எது எங்கன கிடக்குன்னு ஞாபகம் வச்சுக்கிடாத. எடுக்கிறவுக கைக்கு ஆண்டவர் குடுக்கது அது. நடுவுல நம்ம கை இருக்கப்பிடாது.”

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்தாள். கரிவலம்வந்தநல்லூர்க்காரி. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள், அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சந்தை நாளில் கடகப்பெட்டி நிறையக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் கொண்டுவந்து விற்றுவிட்டு, வெறும் பெட்டியோடு எங்கள் கடைக்கு வருவாள். அவள் புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூர்ப் பக்கம் போயிருந்தான். கல்யாணம் முடிந்து அஞ்சே மாதம். அவன் கடுதாசியை ஐயா வாசித்துச் சொல்லுவார், பதிலும் எழுதிக் கொடுப்பார். அதற்குத்தான் வருவாள். எங்கள் சாமி வேறு, அவள் சாமி வேறு. அதைப் பற்றி அவளும் கேட்கமாட்டாள், ஐயாவும் இழுத்துப் பேசமாட்டார்.

ஐயாவுக்கு வேலை இருந்தால் அவள் பின்கட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்காருவாள். முதல் நாளே கேட்டாள்.

“ஏட்டி, நீ ஊமையா?”

“இல்லக்கா.”

“அப்போ வாயத் தொறந்து பேசேன். பசையத் தின்னுட்டியா, ஒட்டிக்கிட்டுக் கிடக்கு?”

நான் சிரித்துவிட்டேன். அந்தக் கடையில் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு சந்தை நாள் எப்போது வரும் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். அவள் முற்றாத கத்தரிக்காய் நாலைந்தை மடியில் ஒளித்து எனக்கென்று கொண்டுவருவாள். எனக்கு வேறு சிநேகிதி கிடையாது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடுதாசி வருவது நின்றது. ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. அவள் வந்துகொண்டேதான் இருந்தாள். சண்டை முடிந்தது. பட்டாளத்துக்குப் போனவர்கள் ஒருவர் இருவராக ரயிலில் வந்து இறங்கினார்கள். அவள் ஸ்டேஷனில் போய் நின்று பார்த்துவிட்டு எங்கள் கடைக்கு வருவாள். கடைசியில் இங்கிலீஷில் ஒரு கடுதாசி வந்தது. ஐயா கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை வாசித்தார்.

“செத்துட்டான்னும் போடல தாயி, இருக்கான்னும் போடல. காணலன்னு போட்டிருக்கு.”

“காணலன்னா தேடணும்லா அவுக? ஆட்டுக்குட்டி காணாமப் போனாக்கூடக் காடு காடாத் தேடுதோம்” என்றாள் அவள். அழவில்லை.

அவள் அண்ணன் கொஞ்ச நாள் பொறுத்தான். பிறகு, இனி இப்படியே இருக்கக் கூடாது என்று சொன்னான். அவர்களில் இரண்டாம் கல்யாணம் உண்டு. முறை மாப்பிள்ளையும் இருந்தார், குருவிகுளம் பக்கத்துக்காரர். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், கரிசல் காட்டில் பருத்தி போடுகிறவர், குடி கிடையாது. அவளே என்னிடம், “ஆளு நல்ல ஆளுதான் ஏட்டி. வம்பு தும்பு இல்ல. சின்ன வயசுல நான் அழுதா கூடச் சேந்து அழுவான்” என்று சொன்னாள். அவளுக்கு மனசு பாதி இருந்தது. மீதிப் பாதி ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தது.

அந்த வாரம் அவள் மேஜைமேல் இருந்த டின்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“இதுல எல்லாரும் எடுக்காகள்லா, நானும் எடுக்கலாமா?”

“எடுக்கலாம்க்கா.”

“இப்போ இல்ல. அடுத்த சந்தைக்குக் குளிச்சு முழுகி வாரேன். எங்க கோயில்ல பூக்கட்டிப் பாப்போம், தெரியுமா? செகப்புப் பூவையும் வெள்ளப் பூவையும் தனித்தனியாப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால போட்டு, ஒண்ண எடுக்கச் சொல்லுவாக. எது வந்தாலும் அதான் தீர்ப்பு. அங்க போட்டா அண்ணன் பூசாரிட்ட முன்னாலயே பேசி வச்சிருவான். இங்கன்னா யாரும் கள்ளம் பண்ண மாட்டிய. அவன் வருவானா, மாட்டானா, உங்க சாமி சொல்லட்டும். வருவாம்னா இருக்கேன். இல்லன்னா கரிசக்காட்டுக்குப் போறேன்.”

இது குறி கேட்கிற பெட்டி இல்லை அக்கா, மனசுக்கு ஆறுதலாக எடுப்பது, என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஐயா அதை எத்தனையோ பேரிடம் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். என் வாய் திறக்கவில்லை. ஐயாவிடமும் நான் சொல்லவில்லை.

அந்த வாரம் நான் செய்ததை இப்போது எழுதுகிறேன். எழுபது வருஷமாக யாரிடமும் சொல்லாதது. என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

பகைவர் நாட்டுக்குப் போனவர்கள் ஊர் திரும்புவார்கள் என்கிற பொருளில் ஒரு வசனம் உண்டு. அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐயா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிற நேரம் பார்த்து, ஏழு காலண்டர் துண்டுகளை எடுத்து, ஏழிலும் அந்த ஒரே வசனத்தை எழுதினேன். என் கையெழுத்தில்தான். ஐயா எழுத்தைப் போல எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அவளுக்குத்தான் எழுத்துத் தெரியாதே என்று துணிந்துவிட்டேன். ஏழையும் சுருட்டி, மற்றதோடு கலந்துவிட்டால் பிறகு பொறுக்கி எடுக்கத் தோதாக, ஒரு முடிச்சுக்குப் பதிலாக இரட்டை முடிச்சுப் போட்டேன்.

சந்தை நாள் காலையில், சீட்டெல்லாம் ஈரம் கண்டிருக்கிறது என்று ஐயாவிடம் சொல்லி, டின்னில் இருந்ததைச் சுளகில் கொட்டி முற்றத்து வெயிலில் வைத்தேன். டின்னுக்குள் என் ஏழு சீட்டுகள் மட்டும். மேலே துணி.

அவள் தலைக்குக் குளித்து, ஈரமுடியை நுனியில் முடிந்துகொண்டு வந்தாள். செருப்பில்லாத காலைப் படியில் துடைத்துவிட்டு உள்ளே வந்தாள். அப்போது ஐயா வேறு ஒருவருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் டின்னைப் பிடித்துக்கொண்டேன். அவள் பக்கமாக நீட்டியபோது உள்ளே சீட்டுகள் உருளுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஏழு சீட்டு எத்தனை சத்தம் போடும், நூறு சீட்டு எத்தனை சத்தம் போடும் என்று யாராவது கவனித்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

அவள் கையை விட்டு, துழாவி, ஒன்றை எடுத்தாள். என்னிடம் நீட்டினாள். நான் பிரித்து வாசித்தேன். பொருளும் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிறது போல இருந்தது.

“வருவாம்னு சொல்லுதா?”

“ஆமாக்கா.”

“இன்னொருக்கா வாசி.”

வாசித்தேன். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, கடுதாசி வந்த அன்றைக்கு அழாத அழுகையை எல்லாம் அழுதாள். ஐயா பதறி வந்து சீட்டை வாங்கப் போனார். அவள் கொடுக்கவில்லை, முந்தியில் முடிந்துகொண்டாள். அன்றைக்கு அவர் அதை வாங்கிப் பார்த்திருந்தால் என் எழுத்து என்று கண்டுபிடித்திருப்பார். எல்லாம் அங்கேயே தீர்ந்திருக்கும். என்னை வேலையிலிருந்து நிறுத்தியிருப்பார், அவ்வளவுதான்.

அவள் போன பிறகு மிச்சச் சீட்டுகளைப் பொறுக்கினேன். ஆறு இருக்க வேண்டும். ஐந்துதான் அகப்பட்டது. நான்தான் தப்பாக எண்ணி எழுதிவிட்டேன் என்று நினைத்து, அந்த ஐந்தையும் பசை காய்ச்சுகிற அடுப்பில் போட்டேன். வசனத்தை நெருப்பில் போட்டோமே என்கிற பயம்தான் அன்றைக்குப் பெரிதாக இருந்தது. அவளுக்கு என்ன செய்துவிட்டேன் என்பது உறைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, வெள்ளைத் துண்டைத் தோளில் போட்ட ஒருவர் கடைவாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அவர்தான் அந்த முறை மாப்பிள்ளை. ஐயா அப்போது கடையில் இல்லை.

“புஸ்தகக் கடை அண்ணாச்சி இல்லையாம்மா?”

“இல்ல.”

“வந்தா ஒண்ணு கேக்கணும். சீட்டுல வருவாம்னு எழுதியிருக்குன்னு சொல்லி அவ கல்யாணத்துக்கு மாட்டேன்னுட்டா. அப்படித்தான் எழுதியிருக்கா? வேற மாதிரி அர்த்தம் ஏதும் இருக்குமா? நான் சண்ட போட வரல தாயி. உள்ளதத் தெரிஞ்சுக்கிட்டா நான் பேசாமப் போயிருவேன்.”

“அப்படித்தான் எழுதியிருக்கு” என்றேன். அது பொய் இல்லை. எழுதியிருந்தது அப்படித்தான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அப்பச் சரி” என்று திருவேங்கடத்துக்குப் போகிற பஸ் நிற்கிற பக்கமாக நடந்தார். தையில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அண்ணன் வீட்டில் அவளுக்கு இருக்க முடியவில்லை. வார்த்தை வளர்ந்துவிட்டது. சுதந்திரம் வந்த சமயம் அவள் எங்கள் கடைக்கே வேலைக்கு வந்துவிட்டாள். கூட்டுவது, தண்ணீர் எடுப்பது, ஸ்டேஷனிலிருந்து புத்தகப் பெட்டி வந்தால் உடைப்பது எல்லாம் அவள். சீட்டை ஒரு தாயத்துக் குப்பிக்குள் அடைத்துத் தாலிக்கயிற்றில் கோத்திருந்தாள். ஐயாவுக்கு அது பொறுக்கவில்லை.

“தாயத்தெல்லாம் நம்ம கடையில கூடாது தாயி, கழட்டிரு.”

“உள்ள இருக்கது உங்க வசனம்தான ஐயா? புஸ்தகத்துல இருந்தா நல்லது, குப்பியில இருந்தாப் பொல்லாதா?”

ஐயா போய்ப் பலகையை மாட்ட ஆரம்பித்தார். அன்றைக்கும் நம்பர் மாறிவிட்டது.

அவள் எழுத்துப் படிக்க ஆசைப்பட்டாள், அந்தச் சீட்டைத் தானே வாசிக்க வேண்டும் என்று. நான்தான் பசை காய்கிற நேரத்தில் பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிக் காட்டினேன். ஒரு வருஷத்தில் தட்டுத்தடுமாறி வாசிக்கப் பழகிவிட்டாள். குப்பியைத் திறப்பாளோ என்று ஒவ்வொரு நாளும் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். “மூடிய அரக்கு வச்சு ஒட்டிட்டேன் ஏட்டி. அவன் வந்தாத்தான் தொறக்கணும். மனசுலதான் இருக்கே, என்ன அவசரம்?” என்றாள்.

சாமியைக் காண அம்மன் தவமிருக்கிற ஆடித் தபசு வந்தது. அம்மன் சப்பரம் போகிற கொட்டுச் சத்தம் கேட்டு, நானும் அவளும் கடைவாசலில் நின்றோம்.

“அம்மனுக்கு ஆடியோட தபசு முடிஞ்சு போகுது. எனக்கு எந்த மாசம் முடியுமோ” என்றாள் சிரித்துக்கொண்டே. நான் உள்ளே போய்விட்டேன்.

சபையில் சாட்சி சொல்லச் சொன்னபோது அவள் எழுந்து இந்தச் சீட்டுக் கதையைச் சொன்னாள். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பெண்கள் பக்கம் கடைசிப் பாயில் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எழுதியிருக்கிற கதை அங்கேதான் பிறந்தது.

அப்புறம் ஒரு நாள். டிசம்பர் மாதம், வருஷப் பிறப்புக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம். காகிதம் வந்துவிட்டாலும் ஐயா கையெழுத்துச் சீட்டைத்தான் ஆட்கள் கேட்டு வாங்குவார்கள். டின் துருப் பிடித்துவிட்டது என்று அவள் கவிழ்த்துத் தட்டினாள். விளிம்பு மடிப்பில் சிக்கியிருந்த ஒரு பழைய சீட்டு கீழே விழுந்தது.

“ஏட்டி, இதப் பாத்தியா, இதுல ரெட்ட முடிச்சு. எல்லாத்துலயும் நீ ஒத்த முடிச்சுதான போடுவ? நான் எடுத்த சீட்டும் ரெட்ட முடிச்சுதான். நகத்தால அவுக்க முடியாம நீ பல்லால கடிச்சல்லா அவுத்த.”

அவள் முடிச்சை ஊசியால் நெம்பிப் பிரித்தாள். விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தாள். முதல் வார்த்தை. இரண்டாம் வார்த்தை. அப்புறம் விரல் நின்றுவிட்டது. மீதியை வாசிக்கத் தேவை இல்லை, அவளுக்கு மனப்பாடம்.

அவள் எழுத்துப் படித்தது என் கையெழுத்தில். கொக்கி போட்ட ‘ரு’ யாருடையது என்று அந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். அவளும் ‘ரு’வுக்குக் கொக்கி போட்டுத்தான் எழுதுவாள்.

பசை அடிப்பிடிக்கிற வாடை வந்தது. அவள் சீட்டைத் திரும்பச் சுருட்டினாள்.

“ரெண்டு தரம் சொல்லியிருக்கு போல” என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் பசைச்சட்டியைப் பார்த்தேன். அவள் எழுந்து போய்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்து, மீதிச் சீட்டுகளைக் கட்ட உட்கார்ந்தாள். மறுநாள் எப்போதும் போல, “ஏட்டி, வாயத் தொற” என்று கேலி பேசினாள். எனக்கு அது அடி வாங்கியதைவிட வலித்தது.

ஒன்று மட்டும் மாறியது. அதற்குப் பிறகு யார் சீட்டு எடுக்க வந்தாலும் அவள்தான் டின்னைப் பிடிப்பாள், என்னிடம் கொடுக்கமாட்டாள். துணியை விலக்கி உள்ளே இருப்பதையெல்லாம் முதலில் காட்டிவிடுவாள். ஒவ்வொருவரிடமும், “இது குறி இல்ல தாயி. மனசுக்குத் தெம்பா இருக்க எடுக்கது. இத நம்பி ஒரு முடிவும் எடுத்திராதிய” என்பாள். முன்கட்டிலிருந்து அது கேட்கும்போதெல்லாம் நான் மடித்துக்கொண்டிருந்த கைப்பிரதி கோணலாகப் போகும். ஐயா அவள் தெளிவாகச் சொல்லுகிறாள் என்று மெச்சிக்கொண்டார்.

பாவம் பார்த்துத்தான் செய்தேன், அவள் அழக்கூடாது என்றுதான் செய்தேன் என்று இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி. மீதியையும் சொல்லிவிடுகிறேன். அவள் குருவிகுளத்துக்குப் போய்விட்டால் சங்கரன்கோவில் சந்தைக்கு வரமாட்டாள். சந்தை நாளில் எனக்கென்று கத்தரிக்காய் கொண்டுவர ஆள் இருக்காது. ஏழு சீட்டு எழுதும்போது அந்த நினைப்பும் கூடவே இருந்தது. ஒரு மனுஷிக்கு வீடும் பிள்ளைகளும் வாய்க்க இருந்ததை நான் என் பேச்சுத் துணைக்காக நிறுத்திவைத்தேன். அவள் புருஷன் வரவே இல்லை.

எனக்குக் கல்யாணம் முடிந்து தூத்துக்குடிப் பக்கம் போனபோது அவள் ஸ்டேஷனுக்கு வந்தாள். அப்போது அவள் ஞானஸ்நானம் பெற்று, தலையில் புத்தகப்பெட்டியோடு கிராமம் கிராமமாகப் போய்க்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலிக்கயிறும் இல்லை, குப்பியும் இல்லை. எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் கொடுத்தாள். பிஞ்சுக் கத்தரிக்காய். “அங்கனயாவது வாயத் தொறந்து பேசு” என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ரயில் நகர்ந்துவிட்டது என்று சொன்னால் அது சாக்கு. அது நகருவதற்கு முன்னால் கால்மணி நேரம் நின்றது.

அவள் செத்துப்போன செய்தி எனக்கு ரொம்பப் பிந்தித்தான் வந்தது.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்ளுவது இதுதான். நான் சொன்னதில் வருஷமும் மாதமும் முன்பின்னாக இருக்கும். அவள் ஞானஸ்நானம் எடுத்தது அந்த இரண்டாம் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னாலா, பின்னாலா என்று சபைப் பதிவேட்டில் யாராவது பாருங்கள். பின்னால் என்றுதான் எனக்கு ஞாபகம். அப்படியென்றால் அவள் சீட்டை நம்பி வரவில்லை, பொய் என்று தெரிந்த பிறகும் வந்திருக்கிறாள். அது வேறு கதை. அதை நீங்கள்தான் எழுத வேண்டும், எனக்கு எழுதத் தெரியாது.

இன்னொன்று. கடையின் பழைய சாமான்கள் ஒரு பெட்டியில் இருக்கிறது, விழாவில் மேஜைபோட்டு வைக்கப்போகிறோம் என்றீர்கள். அதில் ஒரு தாயத்துக் குப்பி இருக்கிறதா என்று பாருங்கள். ஞானஸ்நானத்தின்போது அவள் அதை ஐயாவிடம் கழற்றிக் கொடுத்திருக்கலாம். இருந்தால், அரக்கைச் சுரண்டித் திறந்து, உள்ளே இருக்கிற சீட்டை இந்தத் தாளோடு பக்கத்தில் வைத்து ‘ரு’ என்ற எழுத்தை ஒத்துப் பாருங்கள். நான் தப்பாக ஞாபகம் வைத்திருந்து, அது ஐயாவின் கையெழுத்தாக இருந்தால், தயவுசெய்து உடனே எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கொக்கி இருந்தால் ‘ஒரு சீட்டினால் ஒரு ஆத்துமா’ என்பதை எடுத்துவிடுங்கள். எனக்கு எழுதக்கூட வேண்டாம், நான் புரிந்துகொள்ளுவேன்.